வில் தீராத வயலின்கள்

நைட்விஷ் என்னும் ஃபின்லாந்துக் குழுவின் ‘ஓஷன்பார்ன்’ இசைத்தொகுப்பு வெளிவந்தது 1998 டிசம்பரில். எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது 2001-இல். உறை கிடையாது, பாடல் பட்டியல் கிடையாது. வெற்றுக் குறுந்தகட்டின் மேல் நீல ஸ்கெட்ச் பேனாவால் குழுவின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தாள் ஒரு கல்லூரித் தோழி. ‘கேட்டுப் பாருங்க, ஒரு பொண்ணு பாடுது’ என்பதுதான் அவள் தந்த ஒரே அறிமுகம்.

இக்கட்டுரையை எழுதுவது அக்காவும் தங்கையுமாக இரண்டு பேர். அந்தத் தகட்டை நாங்கள் ஒரே அறையில், ஒரே கணினியில், ஒரே ஜோடி ஒலிபெருக்கிகளில்தான் கேட்டோம். ஒருத்தி தனியே எழுதினால் மற்றவள் மறுத்துவிடக்கூடிய நினைவுகள் இதில் உண்டு. ஆகவே ஒவ்வொரு செய்தியையும் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே எழுதியிருக்கிறோம். ஒப்புக்கொள்ள முடியாமல் போன ஓரிடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

எங்கள் வீடு அசோக் பில்லரிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மாடிப் போர்ஷன். அப்பா திரைப்பட இசைக்குழுக்களில் வயலின் வாசித்தவர். அவரைப் போன்றவர்கள் அந்நாட்களில் அசோக் நகரிலும் கே.கே.நகரிலும் வடபழனியிலும் நிறையப் பேர் குடியிருந்தார்கள். காரணம் எளியது. ஒலிப்பதிவுக் கூடங்கள் கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் சாலிகிராமத்திலும் இருந்தன. காலை ஏழு மணி கால்ஷீட் என்றால் ஆறரைக்குக் கிளம்பி ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்துவிடலாம். எங்கள் சிறுவயதில் அப்பாவை நாங்கள் பெரும்பாலும் முதுகுப்புறமாகவே பார்த்திருக்கிறோம். முன்னால் ஸ்கூட்டர், கால்களுக்கு நடுவே வயலின் பெட்டி, தெருமுனையில் ஒரு திருப்பம்.

அப்பாவின் தொழிலில் பெயர் இல்லை. இருபது, முப்பது வயலின்களில் ஒன்று அவருடையது. ஒரு பாட்டின் இடையிசையில் அலைபோல் எழுந்து அடங்கும் நரம்பிசையில் அவர் எங்கே இருக்கிறார் என்று அவராலேயே காட்ட முடியாது. அம்மா வானொலியைத் திருகும்போது ‘இது நான்’ என்பார். நாங்கள் ‘எதுப்பா?’ என்று கேட்போம். ‘அந்தக் கூட்டத்துல’ என்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் தொலைபேசி குறையத் தொடங்கியது. இசைக்குழுவுக்கு ஆள் கூப்பிடும் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து முன்னிரவில் வரும் அழைப்புதான் அடுத்த நாளின் சோறு. வாரத்தில் ஐந்து என்பது மூன்றாகி, பிறகு மாதத்தில் நான்காயிற்று. நாற்பது பேர் அமர்ந்து வாசித்ததை இனி ஒருவர் கீபோர்டில் வாசித்துவிடலாம் என்ற நிலை தமிழ்த் திரையில் மட்டும் வந்ததல்ல. உலகெங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தது. அப்பா யாரையும் குறை சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து வயலின் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டார். எங்களில் இளையவள் ஏழு வருடமாகக் கற்றுவந்த வாய்ப்பாட்டு அந்தச் சமயத்தில்தான் நின்றது. கட்டணம் ஒரு காரணம். ‘சாரீரம் கனமா இருக்கு, கொஞ்சம் அடக்கிப் பாடணும்’ என்று வகுப்பில் ஓயாமல் கேட்க நேர்ந்தது இன்னொரு காரணம்.

ஓஷன்பார்ன் வந்து இறங்கிய வீடு இதுதான்.

*

மெட்டல் இசையோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். பவர் மெட்டல் என்பது எண்பதுகளில், பெரிதும் ஜெர்மனியில், உருப்பெற்ற வகை. ஹெலோவீன் குழுவின் 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பை அதன் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்வார்கள். மெட்டலின் மற்ற கிளைகள் இருளையும் சினத்தையும் நோக்கிப் போனபோது இது வேகத்தையும் மெட்டையும் பற்றிக்கொண்டது. டிரம்ஸ்காரர் இரண்டு கால்களாலும் பெடல்களை மிதித்து, ஓடும் குதிரையின் குளம்படிபோல் இடைவிடாத ஒலியை எழுப்புவார். அதன்மேல் கிடாரும் கீபோர்டும் ஒன்றையொன்று துரத்தும். பாடுபவர் அநேகமாக உச்ச ஸ்தாயியில் பாடும் ஓர் ஆண். இதனோடு மேலைச் செவ்வியல் இசையின் நரம்பிசையும் கூட்டுப்பாடலும் சேர்ந்தால் சிம்ஃபனிக் மெட்டல். ஸ்வீடனின் தெரியன் குழு 1996-இல் ‘தெலி’ தொகுப்பில் அதை முழுமூச்சாகச் செய்து காட்டியிருந்தது.

நைட்விஷ் செய்த புதுமை, பாடும் இடத்தில் ஓபரா பயின்ற ஒரு பெண்ணை நிறுத்தியது. தார்யா துருனென் 1977-இல் பிறந்தவர். கீதே என்பது கிழக்கு ஃபின்லாந்தில், ரஷ்ய எல்லைக்கு அருகே, ஏரிகளுக்கு நடுவிலுள்ள சிற்றூர். மக்கள்தொகை பத்தாயிரம் அளவுதான். அவ்வூர்க்காரரான தூமாஸ் ஹோலோபைனென் 1996-இல் ஒரு கோடையிரவில், ஏரித்தீவு ஒன்றில் நண்பர்களோடு நெருப்பைச் சுற்றி அமர்ந்திருந்தபோது இக்குழுவைப் பற்றிய எண்ணம் தோன்றியதாகச் சொல்வார்கள். அவர் நினைத்தது மெட்டல் குழுவையே அல்ல. அகூஸ்டிக் கிடார், கீபோர்டு, ஒரு பெண்குரல். இரவில் தீயருகே கேட்கத்தக்க மெல்லிசை. அதற்காகத்தான் அதே ஊரைச் சேர்ந்த தார்யாவை அழைத்தார். முதல் ஒலிப்பதிவும் அப்படியே நடந்தது. ஆனால் கேட்டுப் பார்த்தபோது அந்தக் குரல் மெல்லிசைக்கு அடங்கவில்லை. அதன் கனத்துக்குக் கிடார் ஒன்று போதாது. ஆகவே மின்கிடாரும் டிரம்ஸும் வந்தன.

இந்தச் செய்தியைப் பிற்பாடுதான் இணையத்தில் படித்தோம். படித்த அன்று எங்களில் இளையவள் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. குரலை அடக்கச் சொல்லாமல், குரலுக்கு ஏற்றபடி வாத்தியங்களைக் கூட்டியிருக்கிறார்கள். இப்படியும் ஒரு வழி இருந்ததா என்பதுதான் அவளுடைய திகைப்பு.

*

தொகுப்பின் முதல் பாடல் ‘ஸ்டார்கேஸர்ஸ்’. முன்னறிவிப்பே இல்லாமல் முழுவேகத்தில் தொடங்கும். அந்த வேகத்தின் மேல் தார்யா அவசரமே இல்லாமல் நீண்ட சுரங்களாகப் பாடிப் போவார். கீழே வண்டி ஓடுகிறது, மேலே ஒருத்தி நிற்கிறாள். அவளுக்கு அசைவில்லை. எங்களை முதலில் இழுத்தது இந்த இரட்டை வேகம்தான். ‘பேஷன் அண்ட் தி ஓபரா’வின் பிற்பகுதியில் அவர் சொற்களை விட்டுவிட்டு, வெறும் குரலால் உச்ச ஸ்தாயியில் துள்ளித் துள்ளி ஏறுவார். மொட்ஸார்ட்டின் ‘மாயப் புல்லாங்குழல்’ ஓபராவில் இரவின் அரசி பாடும் பகுதியைக் கேட்டவர்களுக்கு அதன் பூர்வீகம் புரியும். ‘தி டெவில் அண்ட் தி டீப் டார்க் ஓஷன்’ பாடலில் தாப்பியோ வில்ஸ்கா என்ற விருந்தினர் அடித்தொண்டையில் உறும, தார்யா மறுமொழி சொல்வார். ‘ஸ்வான்ஹார்ட்’ மெதுவானது. ‘மூன்டான்ஸ்’ பாட்டில்லாத கருவியிசை. முடிவில் ஹோவர்ட் பிளேக், 1982-இன் ‘தி ஸ்னோமேன்’ அசைபடத்துக்காக எழுதிய பாடல். எங்கள் தகட்டில் அதற்குப் பின்னும் ஒன்று இருந்தது: ‘ஸ்லீப்பிங் சன்’. 1999 ஆகஸ்ட் 11 சூரிய கிரகணத்தை ஒட்டித் தனிப்பாடலாக வெளிவந்து, பின்னர் தொகுப்பில் சேர்க்கப்பட்டது. அந்தக் கிரகணம் மாலையில் சென்னையிலும் ஓரளவு தெரிந்தது. அம்மா எங்களை வெளியே விடவில்லை என்பது நினைவிருக்கிறது.

எல்லாமே குறையற்றவை என்று சொல்ல மாட்டோம். ஹோலோபைனெனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது நிரம்பவில்லை. நட்சத்திரம், கடல், அன்னம், கெத்செமனே, பார்வோன் என்று கைக்குக் கிடைத்த படிமங்களையெல்லாம் அள்ளிப் போட்டிருப்பார். பாடல் வரிகளைத் தனியே எடுத்துப் படித்தால் பதின்வயது நாட்குறிப்பு போலிருக்கும். தார்யாவின் ஆங்கில உச்சரிப்பில் பாதி எங்களுக்குப் புரியவில்லை. புரியாததும் ஒரு வசதியாகவே இருந்தது. தெலுங்குக் கீர்த்தனைகளைப் பொருள் தெரியாமல் கேட்டு வளர்ந்த காதுகள்தானே.

*

அப்பா அதைக் கேட்டது தற்செயலாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பிள்ளைகள் வகுப்பு முடிந்து போயிருந்தார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தோம். அவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரம்ஸைப் பற்றியோ கிடாரின் இரைச்சலைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பாடகியைப் பற்றித்தான் கேட்டார்.

‘யாரும்மா இது? மைக்கை நம்பாம பாடற குரல்.’

அவர் சொன்னதன் பொருள் பிறகு விளங்கியது. ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டும்படி பாடிய கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் அவர் மனத்தில் இருந்திருக்கிறார்கள். ஓபராப் பயிற்சியின் அடிப்படையும் அதுவே. எழுபது எண்பது வாத்தியங்களுக்கு எதிரே மின்கருவி எதுவுமின்றிக் குரலைக் கடைசி இருக்கைவரை கொண்டுசேர்க்க வேண்டும். அதற்காக அவர்கள் கத்துவதில்லை. தொண்டையையும் வாயையும் ஒரு வகையாகத் திறந்துவைத்து, நொடிக்கு மூவாயிரம் அதிர்வுகளை ஒட்டிய பகுதியில் ஒலியைக் குவிக்கிறார்கள். வாத்தியக் கூட்டத்தின் ஒலி அந்தப் பகுதியில் மெலிந்திருக்கும். நம் காதோ அங்கேதான் கூர்மையாக இருக்கும். இதையெல்லாம் வெகுநாள் கழித்துப் படித்தோம். அப்பா ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த பாட்டும் ஓடியது. அதில் நரம்பிசை ஒரே சுரத்தில் நீண்டு நின்றது. அப்பா சிரித்தார்.

‘இந்த வயலின்காரனுக்கு வில்லே தீராதா?’

எங்களுக்குப் புரியவில்லை. அவர் உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். வகுப்புக்கான வயலின் வேறு. இது ஒலிப்பதிவுக்குக் கொண்டுபோவது. அதைத் திறந்து ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது. வில்லின் முடியை முறுக்கேற்றி, ரோசின் தடவி, ஒரு தந்தியில் அடிமுதல் நுனிவரை மெதுவாக இழுத்தார். வில் முடிந்தது, சுரமும் அங்கே ஒரு கணம் திரும்பியது. ‘இங்க மூச்சு வாங்குது பாரு. எவ்வளவு தேர்ந்தவன் வாசிச்சாலும் வில் திரும்பற இடம் ஒண்ணு உண்டு. நாங்க இருபது பேர் இருந்தா, சேர்ந்து திருப்புவோம், இல்லேன்னா திருப்பறது தெரியக்கூடாதுன்னு ஆளுக்கொரு இடத்துல திருப்புவோம். கீபோர்டுல அந்தக் கவலை இல்ல. விரலை எடுக்கறவரைக்கும் ஓடும்.’

இன்னொன்றும் சொன்னார். இருபது வயலின்கள் ஒரே சுரத்தை வாசித்தாலும் இருபதும் ஒன்றல்ல. ஒன்று மயிரிழை முன்னால் தொடங்கும், ஒன்று பின்னால். ஒன்றின் சுருதி இம்மி மேலே, ஒன்றினுடையது இம்மி கீழே. அந்தச் சிறு பிசகுகள் எல்லாம் சேர்ந்துதான் நரம்பிசைக்கு ஒரு பளபளப்பு வருகிறது. கீபோர்டில் பதிந்துவைத்த ஒலியிலும் அந்தப் பளபளப்பு உண்டு, ஆனால் எப்போது அழுத்தினாலும் அதே பிசகு, அதே இடத்தில். ‘தப்புகூட மனப்பாடம்’ என்றார்.

இவற்றைச் சொல்லும்போது அவரிடம் கசப்பில்லை. ஒரு தொழிலாளி வேறொரு பட்டறையில் செய்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் போலத்தான் பேசினார். பிறகு கீதே என்ற ஊரைப் பற்றிக் கேட்டார். எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். ‘அந்த ஊர்ல நாற்பது வயலினுக்கு எங்க போவான் பாவம்’ என்றார்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களைப் பிடித்து ஆட்டிய அந்தத் தொகுப்பு இருப்பதற்கே காரணம் கீபோர்டுதான். நாற்பது பேரைக் கூலிக்கு அமர்த்த வழியற்ற ஒரு சிற்றூர் இளைஞன், தன் மனத்தில் கேட்ட சிம்ஃபனியைப் பத்து விரல்களால் எழுப்பியிருக்கிறான். எங்கள் வீட்டுத் தொலைபேசியை ஊமையாக்கியதும் அதே கருவிதான். இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அந்த வயதில் எங்களுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது.

அன்று இன்னொன்றும் நடந்தது. தகடு ஓடிக்கொண்டிருக்க, ஓரிடத்தில் அப்பா விரலைத் தூக்கினார். ‘நிறுத்து. திரும்பப் போடு.’ போட்டோம். ‘இங்க யாரோ நிஜமா இருக்காங்க. கூட்டம் இல்ல. ரெண்டு பேர், மூணு பேர்.’ எங்கள் காதில் எந்த வேறுபாடும் படவில்லை. சில வருடங்கள் கழித்து அசல் குறுந்தகட்டின் உள்தாளைப் பார்க்கக் கிடைத்தது. ஒரு புல்லாங்குழல், இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. விருந்தினர்களாக ஐந்து பேர் பெயர் அச்சாகியிருந்தது.

அந்தப் பிற்பகலின் முடிவில் ‘மூன்டான்ஸ்’ மெட்டை அப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டு வாசித்துக் காட்டினார். எங்களில் இளையவள் சொல்லின்றி அதனோடு சேர்ந்து பாடினாள். அடக்காமல் பாடினாள். கீழ்வீட்டு மாமி மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்து நின்று, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். பிறகு அப்பா வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். நாங்கள் ஒப்புக்கொள்ளாத இடம் இதுதான். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்திவைப்பது வயலின்காரர்களின் வழக்கம். இறுக்கமாகவே விட்டால் வில்லின் தண்டு வளைந்துபோகும். அப்பா அன்று தளர்த்தித்தான் வைத்தார் என்கிறாள் மூத்தவள். இல்லை, நாளைக்கும் வாசிப்பவர்போல இறுக்கமாகவே விட்டுவிட்டார் என்கிறாள் இளையவள்.

*

நைட்விஷ் வளர்ந்தது. ஓஷன்பார்ன் ஃபின்லாந்தின் விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடம்வரை வந்தது. 2002-இன் ‘செஞ்சுரி சைல்ட்’ தொகுப்பில் பக்கத்து நகரமான யோயென்சுவின் நகர இசைக்குழுவை அமர்த்தினார்கள். 2004-இன் ‘ஒன்ஸ்’ தொகுப்புக்கோ லண்டனுக்கே போய், பிப் வில்லியம்ஸ் என்பவர் எழுதிக்கொடுத்த இசைக்கோப்பை முழு ஆர்கெஸ்ட்ராவையும் கூட்டுப்பாடற்குழுவையும் கொண்டு பதிவு செய்தார்கள். கையில் காசு வந்ததும் அந்த இளைஞன் செய்த காரியம், கீபோர்டை விட்டு ஆட்களிடம் போனது. இதை அப்பாவிடம் ஒரு நற்செய்தியைச் சொல்வதுபோல் சொன்னோம்.

2004 சென்னையில் தண்ணீர்ப் பஞ்சக் காலம். ஏரிகள் வறண்டுவிட்டன. எங்கள் தெருவுக்கு மெட்ரோ வாட்டர் லாரி எந்நேரத்தில் வரும் என்று தெரியாது. பிளாஸ்டிக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு விழித்திருப்போம். அப்படியொரு இரவில்தான் ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’ என்ற பத்து நிமிடப் பாடலை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நடுவே வலது கை மடியில் மெல்ல அசைந்தது. வில் போகும் திசை அது என்று எங்களுக்கு இப்போது தெரியும். பாடல் முடிந்ததும், ‘நல்ல பசங்க. டேக் நிறைய வாங்கியிருக்க மாட்டாங்க’ என்றார். பாடலைப் பற்றிக் கருத்து இல்லை. அந்த அறையில் அமர்ந்து வாசித்தவர்களைப் பற்றி மட்டுமே கருத்து.

அடுத்த ஆண்டு ஜூன் 30 அன்று மியூசிக் அகாதெமியில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்ஃபனி வெளியிடப்பட்டது. புடாபெஸ்ட் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா வாசித்திருந்தது. அப்பா அந்தக் குறுந்தகட்டைக் காசு கொடுத்து வாங்கினார். அவருடைய அலமாரியில் அதற்குப் பக்கத்தில் 1986-இன் ‘ஹவ் டு நேம் இட்’ ஒலிநாடா இருந்தது. அதில் முதன்மை வயலின் வி.எஸ்.நரசிம்மன். ‘அவர் வில்லைப் பாத்துத்தான் நாங்க எல்லாம் திருத்திக்கிட்டோம்’ என்று சொல்வார். மாணிக்கவாசகரின் தமிழும் ஹங்கேரிய வில்களும் சேர்வதைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில் எங்கள் அறையில் ஓபராவும் மெட்டலும் சேர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தன. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான் என்று நாங்கள் வாதிட்டோம். தனக்கென்று பயிற்சியும் வரலாறும் கொண்ட ஒரு குரல், தனக்குப் பழக்கமற்ற பெரும் வாத்தியக் கூட்டத்துக்கு நடுவே எப்படி நிற்பது? அப்பா, ‘ரெண்டையும் ஒண்ணாச் சொல்லாதீங்க’ என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. எங்கள் வாதத்திலும் கொஞ்சம் உண்டு என்றே இன்றும் நினைக்கிறோம்.

*

2005 அக்டோபர் 21. ஹெல்சிங்கியின் ஹார்ட்வால் அரீனாவில் ‘ஒன்ஸ்’ சுற்றுப்பயணத்தின் கடைசிக் கச்சேரி. அது முடிந்ததும் குழுவின் மற்ற நால்வரும் கையெழுத்திட்ட ஒரு கடிதம் தார்யாவிடம் கொடுக்கப்பட்டது. இனி அவரோடு பணியாற்ற முடியாது என்பது செய்தி. பிறகு அக்கடிதம் அனைவரும் படிக்கும்படி குழுவின் இணையதளத்தில் வெளியாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று உலகெங்கும் ரசிகர்கள் பிரிந்து சண்டையிட்டார்கள். எங்கள் அறையும் பிரிந்தது. குழு என்பது பாடல்களை எழுதியவருடையது, அவர் தேர்ந்தெடுக்கலாம் என்றாள் மூத்தவள். அந்தக் குரலுக்காகத்தானே மின்கிடாரே வந்தது, இப்போது குரலை எடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்வது என்ன நியாயம் என்றாள் இளையவள். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

சாப்பிடும்போது அப்பா காரணம் கேட்டார். கடிதத்தைப் பற்றிச் சொன்னோம். நான்கு பேர் கையெழுத்து, பகிரங்கமாக, இப்படியா ஒரு பாடகியை அனுப்புவது என்று இளையவள் பொருமினாள். அப்பா சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

‘லெட்டராவது எழுதினாங்களேம்மா.’

அவ்வளவுதான் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போனார். முப்பது ஆண்டு வாசித்தவருக்கு இன்ன தேதியோடு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. அவர் யாருடைய ஊழியரும் அல்ல. தொலைபேசி ஒலிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அது இனி ஒலிக்காது என்பதும் எந்த ஒரு நாளிலும் தெரிந்துவிடவில்லை. ஆகவே அவர் பல வருடங்கள் முன்னிரவுகளில் தொலைபேசியிருந்த கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். நாங்கள் இணைய இணைப்புக்காக அந்தத் தொலைபேசிக் கம்பியைக் கணினியில் செருகி மணிக்கணக்கில் வைத்திருப்போம். நைட்விஷ் பற்றிய செய்திகளையெல்லாம் அப்படித்தான் படித்தோம். ஒரு நாள் அவர், ‘லைன் ஃப்ரீயா இருக்கா?’ என்று கேட்டதை அன்றைய இரவில்தான் எங்களால் புரிந்துகொள்ள முடிந்தது.

*

நைட்விஷ் நின்றுவிடவில்லை. 2007-இல் அனெட் ஓல்ஸோன் வந்தார். 2012-இல் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அவர் விலக, சில நாட்களுக்குள் நெதர்லாந்தின் ஃப்ளோர் யான்சென் அந்த இடத்தை ஏற்றார். 2013-இல் ஜெர்மனியின் வாக்கென் விழாவில் அவர் பாடிய ‘கோஸ்ட் லவ் ஸ்கோர்’ காணொளியை இளையவள் முதலில் பார்க்க மறுத்தாள். பிறகு பார்த்தாள். ‘நல்லாத்தான் பாடறா’ என்றாள், தோற்றவள்போல. தார்யாவும் தனியாகத் தொகுப்புகள் வெளியிட்டு, உலகெங்கும் பாடிக்கொண்டுதான் இருக்கிறார். இழந்தது யார் என்ற எங்கள் வழக்கு தீர்ப்பின்றியே நிற்கிறது. பாடகியின் பெயரை எல்லோரும் அறிவார்கள். அவர் போனால் போனது தெரியும். கூட்டத்தில் ஒருவராக இருந்தவர் போனால் கூட்டம் அப்படியே ஒலிக்கும். இந்த வேறுபாட்டைத்தான் அந்த ஒரு வரியில் அப்பா சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது.

அசோக் நகரும் மாறிவிட்டது. நூறடி சாலைக்கு மேலே 2015 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. உதயம் திரையரங்கு 2024-இல் மூடப்பட்டது. அப்பாவின் வயலின் ஒலிக்கும் படங்கள் எத்தனையோ அங்கே ஓடியிருக்கின்றன. அவர் இருட்டில் அமர்ந்து தன்னைத் தேடியிருப்பார். எங்களில் ஒருத்தி இப்போது வேளச்சேரியில் இருக்கிறாள். மற்றவள் அதே மாடிப் போர்ஷனில் பெற்றோருடன். இளையவள் மேடையேறவில்லை. ஆனால் அடக்கிப் பாடுவதையும் விட்டுவிட்டாள். ஞாயிறுகளில் தன் மகளுக்குப் பாட்டுச் சொல்லித்தருகிறாள். ‘வாயைத் திறந்து பாடு’ என்பதுதான் முதல் பாடம்.

அப்பா எண்பதை நெருங்குகிறார். காது மந்தமாகிவிட்டது. மேல் ஸ்தாயிதான் முதலில் போகும் என்பார்கள், அவருக்கும் அப்படியே. வயலினின் மேல்தந்தி அவருக்குப் பாதிதான் கேட்கிறது. கீபோர்டின் நரம்பிசையோ இந்த இருபது ஆண்டுகளில் வெகுவாகத் தேறிவிட்டது. வில் திரும்புவதையும் மூச்சு வாங்குவதையும்கூட அது கற்றுக்கொண்டது. தொலைக்காட்சியில் ஏதேனும் பாட்டு வந்தால், ‘ஆளா, மெஷினா?’ என்று எங்களைக் கேட்கிறார். பெரும்பாலும் எங்களுக்கும் தெரிவதில்லை. தெரியவில்லை என்றே சொல்லிவிடுகிறோம்.

போன மாதம் இருவரும் சேர்ந்திருந்த ஒரு பிற்பகலில் ஓஷன்பார்னைப் போட்டோம். அப்பா நாற்காலியை ஒலிபெருக்கிக்கு அருகே இழுத்துப்போடச் சொன்னார். எவ்வளவு கேட்டது என்று தெரியாது. டிரம்ஸின் அதிர்வு நாற்காலியின் கையில் வருகிறது என்றார். தார்யாவின் குரல் தூரத்திலிருந்து வருவதுபோல் இருக்கிறது என்றார். நாங்கள் பேச்சில் ஆழ்ந்துவிட்டோம். சற்றுக் கழித்து மூத்தவள் கையைத் தொட்டுக் காட்டினாள். அப்பா விரலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அந்த இடம் வர இன்னும் சில நொடிகள் இருந்தன.

வந்தது. ‘நாலு பேர்’ என்றார்.